இன்ஜினியர் இருக்காரா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஏதாவது ஒரு தெருமுனையில் நின்று "இன்ஜினியர்!" என்று கூப்பிட்டுப் பாருங்கள். நாலு திண்ணையிலிருந்து நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். அதில் ஒருவர் எங்கள் எதிர்வீட்டுக்காரர். அவருக்குப் பெயரும் உண்டு. ரேஷன் கார்டிலும் பழைய அரியர் ஹால் டிக்கெட்டிலும் மட்டும் அது புழங்குகிறது. படிப்பு, பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ். தற்போது, வெயிட்டிங்.

"பையன் என்ன பண்றான்?" என்று யாராவது கேட்டால், "வெயிட்டிங்ல இருக்கான்" என்பார் அவர் அம்மா. ஏதோ ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்வதுபோல இருக்கும். சம்பளம் எவ்வளவு என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுக்கும்.

ஒருநாள் மிக்சி ஓடவில்லை என்று அவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். "அது எலெக்ட்ரிக்கல் டிபார்ட்மென்ட், அங்கிள்" என்றார். இன்னொரு நாள் கம்ப்யூட்டரே ஓடவில்லை. "அது ஹார்டுவேர். நான் சாப்ட்வேர்." சரி, கரண்ட் பில்லையாவது ஆன்லைனில் கட்டிக்கொடு என்றேன். "சர்வர் டவுன்."

அவருடைய ரெஸ்யூம் மூன்று பக்கம். ஜாவாவில் ஆரம்பித்து டீம் ஒர்க் வரை பதினான்கு ஸ்கில்கள். ஒவ்வொன்றாக விரல் வைத்துக் கேட்டேன்.

"ஜாவா தெரியுமா?"

"பேசிக்ஸ் தெரியும்."

"பைத்தான்?"

"பேசிக்ஸ்."

"லீடர்ஷிப்?"

கொஞ்சம் யோசித்தார். "அதுலயும் பேசிக்ஸ்தான், அங்கிள்."

முதல் வரியில் வாழ்க்கை லட்சியம் இங்கிலீஷில் இருந்தது. சீனியரிடம் வாங்கியதாம். தெருவின் நாலு இன்ஜினியர்களுக்கும் அதே லட்சியம்தான், எழுத்துப்பிழை உட்பட. ஒரே டிசைன் அட்டையில் ஓட்டிய நாலு புடவை மாதிரி. கடைசி வருஷ ப்ராஜெக்ட் சென்னையில் ரெடிமேடாக வாங்கியது. ஒரு புடவைக்குப் பதினைந்து நாள் தறிக்குழியில் கால் மரத்துப்போகிற வீட்டுப் பிள்ளைக்கு, ரெடிமேட் ப்ராஜெக்ட்!

கேம்பஸ் இன்டர்வியூ பற்றிக் கேட்டால் பெருமூச்சு விடுவார். அவர் கல்லூரிக்குக் கம்பெனி வருவது அத்தி வரதர் வருகிற மாதிரி. 2019இல் வரதர் 48 நாள் தரிசனம் தந்தார். அதிலிருந்து 40 வருஷம் குளத்துக்குள்தான். ஆனால் அங்கே வரிசையில் நின்றவர்கள் கடைசியில் பெருமாளைப் பார்த்துவிட்டார்கள்.

குறை அவரிடம் மட்டும் இல்லை. இளைஞர்களில் 51.25 சதவீதம் பேரே வேலைக்கு லாயக்கு என்கிறது 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை. வருத்தத்தோடு படித்துக் காட்டினேன். "பாஸ்தானே அங்கிள்? எங்க யுனிவர்சிட்டியில 50தான் பாஸ் மார்க்" என்றார் மலர்ச்சியாக.

'சேஃப்டிக்கு' குரூப் 4 தேர்வும் எழுதுகிறார். 2022இல் 7,301 இடங்களுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்த தேர்வு. தேவையான படிப்பு பத்தாம் வகுப்பு. இதே ஊர் நகராட்சியில் குமாஸ்தாவாக இருந்துவிட்டுப் பிறகு பட்டம் வாங்கினார் அண்ணா. நம்மவர் பட்டம் வாங்கிவிட்டுக் குமாஸ்தாவாகப் பார்க்கிறார். ரூட் அதேதான்; இவர் ரிட்டர்ன் பஸ்ஸில் ஏறியிருக்கிறார்.

போன மாதம் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. "டீம் ஒர்க்குக்கு ஓர் உதாரணம் சொல்லுங்க" என்றார்களாம். கல்லூரி விழாவில் சாப்பாட்டு டோக்கன் கொடுத்த கதையைச் சொல்லியிருக்கிறார். சொல்லி அனுப்புகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் ஆறுதல் சொல்லப் போனேன். திண்ணை காலி. உள்ளே தறிச் சத்தம். கோர்வைப் புடவை, அரக்கு உடல், பச்சைக் கரை. அவருடைய நைனா குழியில் உட்கார்ந்து உடலுக்கான நாடாவை விடுகிறார். அது கரைக்குள் போகக்கூடாது, ஓரத்திலேயே திரும்ப வேண்டும். திரும்புகிற அந்த நொடியில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்ஜினியர் கரை நாடாவைச் செலுத்தி, பச்சை இழையை அரக்கு இழையோடு கோத்து அனுப்புகிறார். ஒன்று தவறினால் உடலும் கரையும் சேராமல் இளிக்கும். இரண்டு பேரும் பேசவில்லை, முகம் பார்த்துக்கொள்ளவும் இல்லை. கண் இழையில் இருந்தது, காது அடிக்கிற பலகையில் இருந்தது.

தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் துளை போட்ட அட்டைகள் சுற்றிக்கொண்டிருந்தன. துளை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. கம்ப்யூட்டருக்கு முன்னோடி எது என்ற இரண்டு மார்க் கேள்விக்கு 'ஜக்கார்டு தறி, 1804' என்று முதல் வருஷமே இவர் சரியாக எழுதியிருக்கிறார். ஆறு வயதிலிருந்து தலைக்கு மேல் தடதடத்த பெட்டிதான் அது என்று பரீட்சை ஹாலில் உறைக்கவில்லை.

"இதைச் சொல்லியிருக்கலாமேப்பா! இதைவிடவா ஒரு டீம் ஒர்க்? ரெஸ்யூம்ல பதினஞ்சாவதா கோர்வைன்னு போடு" என்றேன்.

"இதுக்கு சர்டிபிகேட் கிடையாதே, அங்கிள்."

நைனா இழையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்படி எதுவும் எழுதித் தொலைக்காதடா. தறியில உக்கார்றவன்னு தெரிஞ்சா ஒருத்தனும் பொண்ணு குடுக்க மாட்டான்."

இன்ஜினியர் சரி என்று தலையாட்டினார். கை மட்டும் தாளம் தப்பாமல் அடுத்த இழையைக் கோத்தது. அதில் அவருக்கு பேசிக்ஸ் மட்டும் இல்லை.