அம்மி பறந்த வரலாறு

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்னும் பழமொழியை வெறும் மிகைக்கூற்று என்று எண்ணி நம் முன்னோர் நகைத்து வந்தனராயினும், அது எழுத்துக்கு எழுத்து மெய்யானதொரு தீர்க்கதரிசனம் என்பதையும், அது நிறைவேறிய க்ஷேத்திரம் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கே என்பதையும், பிரத்தியட்சம், அனுமானம், ஆப்தவாக்கியம் என்னும் மூவகைப் பிரமாணங்களாலும் நிலைநாட்டுவதே இவ்வாராய்ச்சியின் நோக்கமாகும்.

முதலாவது பிரத்தியட்சம். மேற்கே கேரள எல்லை மலைகளும் கிழக்கே மேகமலையும் காவல் நிற்க, இடையே கிடக்கும் இப்பள்ளத்தாக்கில் தென்மேற்குப் பருவக்காற்றானது கணவாய் வழியே புகுந்து, ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கத்து வெட்டவெளிகளில் நிற்கும் காற்றாலைகளின் இறக்கைகளைச் சுழற்றுகிறது. அச்சுழற்சி மின்சாரமாகிக் கம்பியில் ஏறுகிறது. கம்பி வழியே அடுப்படிக்குள் இறங்கி மிக்சியைச் சுழற்றுகிறது. மிக்சி சுழன்ற வீட்டில் அம்மி இருந்த இடத்தை விட்டுக் கொல்லைப்புறம் போய்ச் சேருகிறது. காற்று அம்மியை அசைத்தது என்பதற்கு இதனினும் தெளிவான காட்சி வேண்டுவோர் கண் வைத்தியரை நாடுதல் நலம்.

இனி அனுமானம். காற்றாலையின் மின்சாரம் கம்பியில் ஏறிய பின் எவ்வூர் மிக்சியைச் சென்றடைந்தது என்று எவர் கண்டார் எனப் பூர்வபட்சி வினவலாம். கம்பியில் கலந்த மின்சாரத்தைப் பிரித்தறிய ஒருவராலும் இயலாது; ஆகவே நம் கூற்றை மறுக்கவும் ஒருவராலும் இயலாது; மறுக்க இயலாதது பாதி நிரூபணம் என்பது ஆராய்ச்சியாளர் சம்பிரதாயம். மற்றப் பாதியைத் தண்ணீர் தருகிறது. 1895இல் பென்னிகுக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, லோயர்கேம்ப் மின் நிலையத்தில் டர்பைன்களைச் சுழற்றிவிட்டு, கூடலூர், கம்பம், உத்தமபாளையம் என்று நடந்து, பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயல்களை நனைக்கிறது. தான் விளைவிக்கும் அரிசியைத் தானே அரைத்தும் தருகிற ஜலம் இது. இப்படிப்பட்ட தேசத்தில் மனிதன் மட்டும் எதற்காகக் குழவி பிடித்துச் சிரமப்பட வேண்டும் என்று பஞ்சபூதங்களே தீர்மானித்துவிட்டன போலும்!

கற்காலம் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டதாகச் சரித்திர ஆசிரியர்கள் எழுதுவதும் இங்கே திருத்தத்துக்குரியது. நம் அடுப்படியில் அது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை குறைவின்றி நடந்தது. கல்லைக் கை சுற்றியது முதற்காலம். புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் கிரைண்டரின் வாயிலாகக் கல்லை மின்சாரம் சுற்றியது இரண்டாம் காலம். மாவைப் பாக்கெட்டில் வாங்கிக் கல்லையே காணாதிருப்பது மூன்றாம் காலம். போடிநாயக்கனூரிலிருந்து 1989இல் சட்டமன்றம் சென்ற ஜெயலலிதா, முதலமைச்சராக 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லாப் பொருள்கள் திட்டத்தில் மிக்சி, கிரைண்டருடன் மின்விசிறியும் சேர்ந்திருந்தமை, காற்றுக்கும் அம்மிக்கும் உள்ள சம்பந்தத்தை அரசாங்கமே அங்கீகரித்ததாகக் கொள்ளத்தக்கது.

மூன்று காலங்களின் தேவைகளையும் வரிசைப்படுத்தினால் ஓர் உண்மை புலப்படும். ஆட்டுரலுக்கு அரிசியும் உளுந்தும் நீரும் ஒரு பெண்ணின் தோளும் வேண்டும். கிரைண்டர் வந்தபோது தோள் விலகி மின்சாரம் சேர்ந்தது. பாக்கெட் மாவு வந்தபோது கடைக்காரரும், அவருடைய குளிர்சாதனப் பெட்டியும், அதற்கு வேண்டிய மின்சாரமும் சேர்ந்தன. தேவைகள் பெருகிவிட்டன, வீட்டின் சுயாதீனம் போயிற்று என்று புலம்புவோர், விலகிய பொருள் எது என்பதைக் கவனிப்பதில்லை. வீடு முழுவதும் ஒருத்தியின் தோளைப் பராதீனமாகப் பற்றியிருந்த நிலைக்கே சுயாதீனம் என்று பெயர் சூட்டியிருந்தோம். விடியுமுன் ஜீப்பில் ஏறிக் குமுளி மலைக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலை செய்யப் போகும் பெண்ணிடம் அந்தச் சுயாதீனத்தைப் பற்றிப் பேசிப் பார்த்தால் தக்க பதில் கிடைக்கும்.

ஈற்றில் ஆப்தவாக்கியம். அம்மியில் அரைத்த துவையலின் ருசியே தனி என்பாரை விசாரித்தால் ருசித்தவர்கள் அகப்படுகிறார்களேயன்றி அரைத்தவர்கள் அகப்படுவதில்லை. அரைத்தவரைத் தேடிப் பிடித்து விசாரித்தாலோ, ருசியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் முழங்கையைத் தடவிக்கொள்கிறார்.

நஷ்டமே இல்லை என்று சாதிப்பதற்கில்லை. தெருத்தெருவாய்க் கூவிவந்த அம்மி கொத்துபவரின் தொழில் அழிந்தது. மாவின் பதத்தை விரல் நுனியில் அறியும் வித்தை அடுத்த தலைமுறைக்கு இறங்கவில்லை. மின்சாரம் நின்ற காலையில் தேங்காயும் மிளகாயும் கண்ணெதிரே இருந்தும் சட்னிக்கு வழியில்லை. அம்மி கல்யாணத்தில் மணப்பெண் மிதிப்பதற்கும், ஆட்டுரல் கோழிக்குத் தண்ணீர் வைப்பதற்கும், குழவி ஆடிக்காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுப்பதற்கும் என்று ஆகிவிட்டன.

ஆதலின் இவ்வாராய்ச்சியின் முடிபாவது: அம்மியை எவரும் விற்றுவிடலாகாது, மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் அதைக் கழுவி அடுப்படிக்குள் கொண்டுவர வேண்டும், அதன் ருசியை வீட்டில் அதிகமாகப் புகழ்ந்தவர் எவரோ, அன்றைய துவையலை அவரே அரைக்கக் கடவர்.