எண் வாங்கினீர்களா?

கே: கலெக்டர் ஆபீசுக்கு மனு அனுப்பி மூன்று மாதமாகிறது. பதிலே இல்லை. குப்பைக்கூடைக்குப் போயிருக்குமோ? — தேனி வாசகர்

ப: அரசு அலுவலகத்தில் ஒரு காகிதம் குப்பைக்கூடைக்குப் போவது அவ்வளவு சுலபமில்லை, அதற்கும் ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும். உங்கள் மனு ஏதோ ஒரு மேஜையில் பத்திரமாகத்தான் இருக்கும். எந்த மேஜை? அதற்கு ந.க. எண் வேண்டும்.

கே: அது என்ன ந.க.? நகைச்சுவையா? — மதுரை மாணவி

ப: நடப்புக் கணக்கு. பேங்க்கில் இருக்கிறதே, அதற்கும் இதற்கும் உறவில்லை. ந.க. எண் 4127/2024/இ3 என்றிருந்தால், 4127 வரிசை எண், 2024 ஆண்டு, இ3 என்பது 'இ' பிரிவில் மூன்றாவது இருக்கை. அதாவது உங்கள் மனுவின் கதவு எண், தெரு, ஊர். இதைச் சொல்லாமல் "சார், என் மனு என்னாச்சு?" என்று கேட்பது, சென்னையில் இறங்கி "முருகன் வீடு எங்கே?" என்று கேட்பதைப் போல.

கே: தபால் வந்ததும் உள்ளே என்னதான் நடக்கிறது? — கும்பகோணம், ஓய்வுபெற்ற ஆசிரியர்

ப: உறையைப் பிரிப்பார்கள். வந்த தேதி முத்திரை விழும். கட்டு அதிகாரியின் பார்வைக்குப் போய், அவருடைய சுருக்கொப்பத்தோடு திரும்பும். பகிர்மானப் பதிவேட்டில் எண் ஏறி, உரிய உதவியாளரின் மேஜைக்கு வரும். அவர் அதைத் தன்பதிவேட்டில் பதிவார். யாரிடமிருந்து வந்தது, எதைப் பற்றி, யாருக்கு எழுதினோம், பதில் வந்ததா, எப்போது முடிந்தது எல்லாம் அதில் இருக்கும். விஷயம் முடிந்தால் அந்த எண்ணைச் சிவப்பு மையில் சுழிப்பார்கள். சுழிக்காத எண்ணெல்லாம் பாக்கி. கண்காணிப்பாளர் பதிவேட்டைப் புரட்டும்போது அவர் கண் தேடுவது அதைத்தான். பள்ளிக்கூடத்தில் சிவப்புச் சுழி என்றால் தப்பு. தாலுகா ஆபீசில் அதுதான் நிம்மதி, உங்களுக்குத் தெரியாததா!

கே: இப்படி ஒரு முறையை உண்டாக்கிய புண்ணியவான் யார்? — சேலம் வாசகர்

ப: பழைய சென்னை மாகாணத்து ஐ.சி.எஸ். அதிகாரி ஒருவர். அவர் பெயரால் இன்றும் இது 'டாட்டன்ஹாம் முறை'தான். வெள்ளைக்காரன் போனான்; தன்பதிவேடு போகவில்லை.

கே: எனக்கு வந்த பதிலில் 'மூ.மு.' என்று இருக்கிறது. மூன்றாம் முறை என்று அர்த்தமா? — நாமக்கல் வாசகி

ப: மூன்றாண்டு முடிவு. அந்தக் கோப்பை மூன்று ஆண்டு வைத்திருப்பார்கள். ஓ.மு. என்றால் ஓராண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு, நி.மு. என்றால் நிரந்தரம். மனிதனுக்கு ஆயுள் சொல்ல ஜோசியர் வேண்டும். கோப்புக்கு இரண்டெழுத்து போதும். ஓ.மு. போட்ட கடிதம் வந்தால் உங்கள் பிரதியை லேமினேட் செய்து வையுங்கள். அவர்களிடம் அது அதிக நாள் இருக்காது.

கே: 'தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது' என்று எனக்கு நகல் வந்திருக்கிறது. சந்தோஷப்படலாமா? — விருதுநகர் வாசகர்

ப: பாதி. மனு பஸ் மாறியிருக்கிறது, ஊர் போய்ச் சேரவில்லை. கலெக்டரிடமிருந்து தாசில்தார், தாசில்தாரிடமிருந்து ஆர்.ஐ., அவரிடமிருந்து வி.ஏ.ஓ. நீங்கள் புகார் சொன்னதே வி.ஏ.ஓ. மேல்தான் என்றால், பயணம் இனிதே நிறைவு! கடிதத்தில் 'பெறுநர்' யார் என்று பாருங்கள். இனி நீங்கள் விசாரிக்கவேண்டிய ஆள் அவர்.

கே: பதிலுக்குக் கெடு ஏதாவது உண்டா? — திருவாரூர் வாசகர்

ப: உண்டு. 2015 செப்டம்பரில் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை போட்ட அரசாணை எண் 99. மூன்று நாளில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு. உங்கள் மனுவின் கடைசி வரியில் இந்த எண்ணையும் எழுதிவிடுங்கள். படிப்பவர் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

கே: நினைவூட்டல் அனுப்பினால் கோபித்துக்கொள்வார்களோ? — கோவை வாசகி

ப: அவர்களே ஒருவருக்கொருவர் அதைத்தானே அனுப்பிக்கொள்கிறார்கள்! அதற்கும் மசியாவிட்டால், அதிகாரி பெயரைப் போட்டே 'நேர்முகக் கடிதம்' போகும். ஒரே எச்சரிக்கை: 'பார்வை' என்று எழுதி, பழைய மனுவின் எண்ணையும் தேதியையும் குறிப்பிடுங்கள். மறந்தால் நினைவூட்டலே புது மனுவாகிப் புது எண் வாங்கிக்கொள்ளும். பிறகு ஒரு குறைக்கு இரண்டு கோப்பு, இரண்டுக்கும் பதில் இல்லை.

கே: தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கலாமா? — கடலூர் வாசகர்

ப: தாராளமாக. 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. ஆனால் "ஏன் பதில் தரவில்லை?" என்று கேட்காதீர்கள். ஆவணத்தில் இருப்பதைத்தான் அந்தச் சட்டம் தரும். 'ஏன்' எந்த ஆவணத்திலும் இருக்காது. "என் மனுவின் ந.க. எண் என்ன? எந்தெந்தத் தேதியில் எந்த இருக்கையில் இருந்தது? தன்பதிவேட்டில் அந்தப் பக்கத்தின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள். அதிகாரி மௌனமாக இருக்கலாம், பதிவேட்டால் முடியாது.

கே: திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு முதல்முறையாகப் போகிறேன். என்ன எடுத்துப்போகட்டும்? — புதுக்கோட்டை, கைம்பெண் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவர்

ப: மனு இரண்டு பிரதி, அம்மா. ஒன்று அவர்களுக்கு. மற்றொன்றில் தேதி முத்திரை வாங்கி உங்கள் பையில் வையுங்கள். கையோடு ஒரு பேனாவும் கொண்டுபோங்கள். கும்பிடு போட்டுவிட்டு அப்படியே திரும்பாதீர்கள். எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.