ஒழுங்கான பிழை

பரந்தன் சந்தியில் இறங்கி எந்த ஒழுங்கைக்குள் திரும்பினாலும் அவரைக் காணலாம். வயது எழுபதை எட்டிப் பார்க்கும். மேலில் சட்டை இராது. தோளில் ஒரு துவாய், சாரக்கட்டில் செருகிய ரெஸ்ரர், காதில் பென்சில். ஊருக்கு அவர் ‘பக்டரிப் பெரியப்பா’. ஒழுங்கைக்கு ஒருவராவது இப்படி இருப்பதால், இது தன்னைப் பற்றியதென்று ஒருவரும் கோபிக்க வழியில்லை. அடுத்த ஒழுங்கைக்காரரைப் பற்றியதென்று ஒவ்வொருவரும் சிரித்துக்கொள்ளலாம்.

பக்டரி என்றால் இங்கே ஒன்றுதான். ஐம்பதுகளில் அரசாங்கம் தொடங்கிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை. ஆனையிறவு உப்பைக் கரைத்து, அந்தக் கரைசலுக்குள் மின்சாரம் செலுத்தி, கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் பிரித்தெடுத்தார்கள். எண்பதுகளின் நடுவில், யுத்தம் நெருங்கி வர, வேலை நின்றது. இயந்திரம் போனது, கூரை போனது, சுவர்கள் மட்டும் மிஞ்சின. ஆனால் இருபது வயதில் அங்கே பிற்றர் வேலைக்குச் சேர்ந்தவர்களின் மண்டைக்குள் அந்தப் பக்டரி இன்றைக்கும் இரவு பகலாக ஓடுகிறது. வீட்டிலுள்ள எதையும் அவர்கள் சாமான் என்று பார்ப்பதில்லை. தண்ணிப் பம்ப் ஒரு பிளாண்ட், பிரிட்ஜ் ஒரு பிளாண்ட், மனைவியின் கிரைண்டர் ஒரு பிளாண்ட். கடைசியாக வந்து சேர்ந்த பிளாண்ட்தான் கொம்பியூட்டர்.

கொம்பியூட்டர் இருப்பது பின்வீட்டில். ரவுட்டர் இருப்பது முன்வீட்டில், மகளின் ஹோலில். இடையில் கிணறு, வேப்பமரம், மாட்டுக்கொட்டில். வைஃபை அவ்வளவு தூரம் ஒழுங்காகப் போகாது. போனாலும் பெரியப்பா விடமாட்டார். “காத்தை நம்பி என்னெண்டு வேலை செய்யிறது? பிழை வந்தால் எதைப் பிடிச்சுப் பாக்கிறது?” என்பார். ஆகவே வயர். சாம்பல் நிற வயர் ஒன்று முன்வீட்டில் புறப்பட்டு, வேம்பில் ஏறி, கொட்டிலின் தகரத்தின்மேல் படுத்து, பின்வீட்டு ஜன்னல் கம்பிக்குள்ளால் வந்து சேருகிறது. காலையில் நெற் பறக்கும். பதினொன்றரைக்கு இழுக்கத் தொடங்கும். மதியம் பன்னிரண்டுக்கு நின்றுவிடும். பின்னேரம் நாலு மணிக்கு, ஒன்றும் நடவாததுபோல் திரும்பி வரும்.

இந்த நாலு மணித்தியாலத்தில்தான் பெரியப்பா வாழ்கிறார்.

“அம்மப்பா, நெற் நிண்டிட்டுது!” என்று பேத்தி கத்துவாள். அவளுக்கு ஏ.எல். இரசாயன வகுப்பு நடந்துகொண்டிருக்கும். மோல் கணக்கின் நடுவில் ஆசிரியரின் வாய் திறந்தபடி உறைந்திருக்கும். அதே நேரத்தில் இலண்டனிலிருந்து மகன் எடுப்பான். அங்கே காலை ஏழரை, வேலைக்குப் போகமுன் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். முகம் வராது. வீடு முழுக்க ஒரு கவலை பரவும். பெரியப்பாவின் முகத்தில் மட்டும், திருவிழாவுக்குக் கொடியேறினால் வருமே, அந்தக் களை வரும்.

“ஒருத்தரும் ஒண்டையும் தொடாதையுங்கோ!”

முதல் கட்டளை அதுதான். அடுத்தது கொப்பி. கடையில் வாங்கிய தடித்த சி.ஆர். கொப்பியில் கோடு போட்டு வைத்திருக்கிறார்: போன நேரம், வந்த நேரம், வெயில், காற்று, குறிப்பு. குறிப்பு என்ற நிரலில் ‘சோளகம் பலம்’, ‘மாடு கொட்டிலில் நின்றது’, ‘மகள் சாம்பாறு தாளித்தாள்’ என்பவையெல்லாம் பதிவாகியிருக்கின்றன. எதுவும் காரணமாக இருக்கலாம், எதையும் சிறிது என்று தள்ளக்கூடாது என்பது அவருடைய கொள்கை. பிறகு கொம்பியூட்டரில் கறுத்தத் திரையைத் திறந்து, பேத்தி பழக்கிவிட்ட ‘பிங்’ கட்டளையை ஒற்றை விரலால் அடிப்பார். முதலில் முன்வீட்டு ரவுட்டருக்கு. அது பதில் சொன்னால் பிழை வெளியில். சொல்லாவிட்டால் பிழை வளவுக்குள்.

“ரவுட்டரே பதில் சொல்லேல்லை. பிறகேன் கொழும்புக்குப் போன் எடுத்து அந்தப் பிள்ளையளைப் பேசுறியள்?” என்று வீட்டாரைப் பார்த்துக் கேட்பார். இந்த ஒரு கேள்வியை நாட்டிலுள்ள எல்லா நெற் பாவனையாளரும் தங்களைத் தாங்களே கேட்டால், வாடிக்கையாளர் சேவை இலக்கங்களில் வாசிக்கிற அந்தப் பாட்டை நாங்கள் பாதி நேரம்தான் கேட்கவேண்டி வரும்.

வெயில்தான் பிழை என்பதில் அயலுக்குச் சந்தேகமில்லை. ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு உச்சியில் நிற்கும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டுதோறும் சொல்லும். தெற்கிலிருந்து ஊர் ஊராக ஏறி, பரந்தனுக்கு நேர்மேலே அது வந்து நிற்பது ஏறக்குறையப் புதுவருடத்தன்று. கைவிசேடம் கொடுக்கிற நேரத்தில் நிழல் காலுக்குள் போய்விடும். அதற்குப் பிறகு சோளகம் கிளம்பும், புழுதியும் அனலுமாக. இந்த வெக்கையில் ரவுட்டரைத் தொட்டுப் பார்த்த அயலவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வைத்தியம் சொன்னார்கள். ஈரத் துவாய் போடச் சொன்னார் ஒருவர். மண்பானைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார் இன்னொருவர். பிரிட்ஜுக்குள் வைத்தால் என்ன என்று கேட்ட மருமகனைப் பெரியப்பா பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது.

ஆனால் வீட்டிலிருந்த ஒரே ரேபிள் பான் ரவுட்டருக்குப் போய்விட்டது. பெட்டியில் 40 பாகை வரைதான் தாங்கும் என்று போட்டிருக்கிறதாம். மனிசருக்கு அப்படி எங்கேயும் போடவில்லை. நான் போனால் கதிரையில் இருத்தி, பனங்கட்டியும் பிளேன்ரீயும் தருவார்கள். வியர்வை தேத்தண்ணிக்குள் சொட்டும். மூலையில் ரவுட்டர் குளுகுளுவென்று காற்று வாங்கிக்கொண்டிருக்கும். பானைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். “பொறும் தம்பி, சோதனை நடக்குது” என்ற பதில்தான் கிடைத்தது. பான் வைத்தும் பன்னிரண்டு மணிக்கு நெற் போனது. கொப்பியில் ‘ரவுட்டர் நிரபராதி’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். பான் மட்டும் அங்கேயே நின்றது.

அடுத்த சந்தேகம் வயர். இங்கே பெரியப்பாவின் உண்மையான பலம் தெரியும். முறுக்கிய செம்புக் கம்பியில் நெற்வேக் ஓட்டுவதற்கு 1990 இல் நியமம் வந்தது, ஒரு துண்டு வயர் 100 மீற்றர் வரை போகலாம். அந்தக் கணக்கையெல்லாம் 20 பாகைக்குப் போட்டிருக்கிறார்கள் என்று பேத்தி வாசித்துச் சொன்னதும் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். “இருபதோ? பரந்தனில எந்தக் காலத்திலயடி இருபது?” செம்பின் தடை ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.4 வீதம் கூடும். அது அவருக்குப் பக்டரி நாளிலேயே மனப்பாடம். தகரத்தின்மேல் கிடக்கிற வயர் 60 பாகை என்று வைத்தார். நாற்பது பாகை மிச்சம், ஆகவே 16 வீதம். பென்சிலை நாக்கில் தொட்டு, மீண்டும் ஒருமுறை பெருக்கினார். ஆனால் வயர் மொத்தமே அறுபது மீற்றர்தான். நூறு போகவேண்டியது பதினாறு வீதத்தை இழந்தாலும் அறுபதில் நிற்கத் தேவையில்லை.

“வெயில் உடந்தை. குற்றவாளி வேறை” என்று தீர்ப்புச் சொன்னார்.

ஒருநாள் உச்சி வெயிலில், மருமகன் ஏணியைப் பிடிக்க, தகரத்தில் ஏறினார். வெறுங்காலோடு ஏறி அதே வேகத்தில் இறங்கி, செருப்போடு திரும்ப ஏறியதை அயல் முழுதும் பார்த்தது. வீட்டுக்குள் இழுக்கிற வயரை வெளியில் போட்டதால் உறை முறுகி வெடித்திருந்தது. வெடிப்புக்குள்ளால் ஒரு துண்டை வெட்டி, பிளேட்டால் சுரண்டினார். செம்பு நிறம் போக உள்ளே வெள்ளை. அலுமினியக் கம்பி, மேலே செம்புப் பூச்சு. தடையும் கூட, மடித்தால் முறியும். கோஸ்ரிக் சோடா எந்த உலோகத்தை என்ன செய்யும் என்று பார்த்து வளர்ந்த மனிதருக்கு இது தாங்க முடியாத அவமானம். துண்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனார்.

“இஞ்சாரும், இதைப் பாரும்! செம்பெண்டு சொல்லி வித்திருக்கிறான்!”

பெரியம்மா திரும்பிப் பார்த்து, “கவரிங்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேங்காய் துருவினா.

இன்னும் இருந்தது. ரவுட்டர்ப் பக்கத்துப் பிளக்கின் கொளுக்கி எப்போதோ முறிந்துவிட்டது. மருமகன் ஒரு றப்பர் பாண்ட் போட்டுக் கட்டியிருந்தார். அது வெக்கைக்கு இளகி, பிசினாகி, பிளக்கை மயிரிழை வெளியே விட்டிருந்தது. வேகமான இணைப்புக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். அதில் ஒரு சோடி தொடுகை விட்டால், மிச்சத்தில் நாலு கம்பியை வைத்துப் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் சமாளிக்கும். அந்த நாலும் ஆடினால் ஒன்றுமில்லை. கொம்பியூட்டர்ப் பக்கத்து லைற் பச்சையிலிருந்து செம்மஞ்சளாகி, பிறகு அணைவது ஏனென்று இப்போது விளங்கியது. போதாக்குறைக்குக் கொம்பியூட்டருக்குள்ளும் ஒரு களவு: மின்சாரம் சேமிக்க நெற்வேக் காட்டைத் தானே நிறுத்தலாம் என்று ஒரு பெட்டியில் சரி போட்டிருந்தது. “சேமிக்கிறது நல்லதுதான். ஆரைக் கேட்டுச் சேமிக்குது?” என்று அந்தச் சரியை எடுத்துவிட்டார்.

ஆக, நாலு பிழை. நாலையும் திருத்தினால் கதை முடிந்தது. சாதாரண மனிதன் அப்படித்தான் நினைப்பான். பெரியப்பாவின் நியாயம் வேறு: ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும். ஒன்றை மாற்றி மூன்று நாள் பார்த்து, எழுதி, பிறகு அடுத்தது. நாலையும் சேர்த்து மாற்றினால் எது குற்றவாளி என்று காலத்துக்கும் தெரியாமல் போய்விடும்.

இந்தப் பொறுமை எங்கிருந்து வந்ததென்று யோசித்தால் சிரிப்புக் கொஞ்சம் அடங்கும். தொண்ணூறுகளில் வன்னியில் கரண்ட் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோவைக் கொழுவிச் செய்தி கேட்ட ஆட்கள் இவர்கள். சுற்றுகிற பிள்ளை களைத்தால் செய்தியாளரின் குரல் இழுபடும். செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் ஓர் இரவு ஓட்டுவார்கள். “அப்ப இதே வெயில் பற்றரிக்கு உயிர் குடுத்தது. இப்ப நெற்றைக் கொல்லுது” என்று பெரியப்பாவே சொல்வார். திருத்த ஆளில்லாத, மாற்றச் சாமானில்லாத இடத்தில் பழகியவர்கள். பிழையை விளங்கிக்கொள்வது ஒன்றுதான் அப்போது கையிலிருந்த உதிரிப்பாகம்.

பேத்திக்கு இதெல்லாம் விளங்கும். ஆனால் அவளுக்குச் சோதனை நெருங்குகிறது. அம்மப்பா ஒரு செத்தவீட்டுக்கு முல்லைத்தீவுப் பக்கம் போன நாளில், கிளிநொச்சியிலிருந்து ஒரு பெடியனை மகள் கூப்பிட்டுவிட்டா. மோட்டார்சைக்கிளில் வந்த அந்தத் தம்பி முழுச் செம்பு வயர், வெளிப்பாவனைக்குரிய கறுத்த உறை, இரண்டு புதுப் பிளக் எல்லாம் கொண்டுவந்தான். தகரத்தைத் தொடாமல் மதிலோரம் குழாய்க்குள்ளால் இழுத்தான். ஒரு மணித்தியாலத்தில் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டான். அன்று பன்னிரண்டுக்கு நெற் நின்றது ஒருத்தருக்கும் தெரியாது, ஏனென்றால் அது நிற்கவேயில்லை.

பெரியப்பா திரும்பி வந்து கால் கழுவ முன்னமே தெரிந்துவிட்டது. பச்சை லைற்றைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார்.

“வேலை செய்யுது” என்றார்.

“ஓமப்பா, நல்லா வேலை செய்யுது” என்றா மகள்.

“ஏன் வேலை செய்யுது?”

ஒருவரிடமும் பதிலில்லை. “வயரோ? பிளக்கோ? தகரமோ? ஏன் செய்யுதெண்டு தெரியாமல் செய்யிற சாமான், ஏன் நிண்டதெண்டு தெரியாமல் ஒருநாள் நிக்கும்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தார். அடுத்த நாள் காலை ஏணி தகரத்தில் சாய்ந்திருந்தது. குப்பைக்குப் போன பழைய வயரை எடுத்துவந்து, பழைய பாதையால், பழைய பிளக்கோடு, ஒரு புது றப்பர் பாண்ட் போட்டுக் கொழுவியிருந்தார். பன்னிரண்டு பத்துக்கு நெற் போனது. கொப்பியில் எழுதியபோது அவர் கை நடுங்கியதாகப் பேத்தி சொல்கிறாள். சந்தோசத்தில்தான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு அரசாங்கம். கொம்பியூட்டருக்குப் பின்னால் இரண்டு வயர் வந்து நிற்கும். அம்மப்பா கொப்பியோடு கிணற்றடிக்குப் போகும்போது பேத்தி புதியதைக் கொழுவுவாள். அவர் இருமுகிற சத்தம் கேட்டதும் பழையதை மாற்றிவிடுவாள். பதிவுகள் இதனால் கொஞ்சம் குழம்பின. வெயிலோடு ஒத்துப்போகாத, தன் இருமலோடு மட்டும் ஒத்துப்போகிற ஒரு பிழையை அவர் ஆவணியில் கண்டுபிடித்து, அதற்குத் தனிப் பக்கம் ஒதுக்கினார்.

புரட்டாதி கடைசியில் முகில் கட்டியது. வெக்கை தணிய, பழைய வயரும் நாள் முழுக்க வேலை செய்யத் தொடங்கியது. ஊர் மழையைப் பார்த்து விதைப்புக்கு நிலத்தைப் புழுதியடிக்க, பெரியப்பா மட்டும் சோர்ந்து போனார். பிழை கையில் சிக்கமுன் காலநிலை அதைக் கடத்திக்கொண்டு போய்விட்டதாம். அடுத்த சித்திரை வரை காத்திருக்கவேண்டும் என்று கொப்பியை மூடி அலுமாரிக்கு மேலே வைத்தார். பான் அப்போதுதான் மனிசர் பக்கம் திரும்பியது.

ஐப்பசியில் ஓர் இரவு இடி. வளவே வெள்ளையாகி, வேம்புக்குக் கிட்ட எங்கோ விழுந்தது. ரவுட்டரில் ஒரு லைற்றும் இல்லை. கொம்பியூட்டரின் நெற்வேக் காட்டும் போய்விட்டது. எரிந்த பிளாஸ்ரிக் மணம். மகள் தலையில் கைவைத்தபடி இருந்துவிட்டா. மருமகன் புதுச் சாமான் என்ன விலை வரும் என்று கணக்குப் பார்த்தார். இருட்டுக்குள் ரோச் லைற்றோடு பின்வீட்டிலிருந்து பெரியப்பா வந்தார். ரவுட்டரைத் தூக்கி மணந்தார், திருப்பிப் பார்த்தார், கறுத்துப்போன துவாரத்தை எல்லாருக்கும் காட்டினார்.

“இதெல்லோ பிழை! நேரமும் தெரியும், இடமும் தெரியும், காரணமும் தெரியும். பிள்ளை, அந்தக் கொப்பியை ஒருக்கா எடு மோனை.”