பாலுல எவ்வளவு தண்ணி?

வா பாப்பா, உக்காரு. பசியாறினியா? காத்தாடியை ஒண்ணுல வை, தாளெல்லாம் பறக்குது. ஸ்கூடாய் வெயில்லயே மூளை வெந்துடும். நீ வேற அதுக்குத் தனியா அடுப்பு மூட்டி வெச்சிருக்கே.

என்ன பரீட்சைன்னு சொன்னே, எல்நாட்டா? வாசல்லயே இவ்வளவு பெரிய யு.டி.எம். இருக்கு. பாலம் கட்டப் படிக்கிறேன், கப்பல் கட்டப் படிக்கிறேன்னு சொல்லியிருந்தா மோட்டார்லயே போய்ட்டு வந்திருக்கலாம். உனக்குன்னு பார்த்து அங்க இல்லாத சட்டம்தான் வேணும், அதுவும் சீமையில. சரி, ஆசைப்பட்டுட்டே. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜு, லண்டன்ல ரெண்டு மூணு இடம், எல்லாத்துக்கும் இந்தப் படியைத் தாண்டித்தான் போகணுமாம். 42 கேள்விக்கு 95 நிமிசம், பிறகு ஒரு கட்டுரைக்கு 40 நிமிசம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், கேள்விக்கு ரெண்டே கால் நிமிசம் வருது. உன் பாட்டிகிட்ட நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதுக்கே ஒண்ணேகால் வருசம் எடுத்துக்கிட்டா. அப்பவும் விடையைத் தப்பா சொல்லிட்டேன்னு இன்னைக்கு வரைக்கும் புலம்புறா.

நேத்து ராத்திரி உங்கப்பனை உன் பரீட்சைப் புத்தகத்தை வாசிச்சு அர்த்தம் சொல்லச் சொன்னேன். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இதுக்கா பாப்பா இந்த அழுமூஞ்சி? இதை நாங்க ரப்பர் தோட்டத்துல பால் நிறுக்கிற இடத்துலயே படிச்சுட்டோமே!

வெட்டு முடிஞ்சு வாளியைத் தூக்கிட்டு நிறுவைக்கு வருவோம். வாளியோட கனத்தைப் பார்த்துக் கிராணி மயங்க மாட்டாரு. மெட்ரோலாக்குன்னு ஒரு குழாய் வெச்சிருப்பாரு, அதைப் பாலுல மிதக்க விடுவாரு. நல்ல பாலா இருந்தா உள்ள முங்கும். தண்ணி கலந்திருந்தா திருடனைக் காட்டிக் கொடுக்கிறவன் மாதிரி கழுத்தை நீட்டிக்கிட்டு மேல நிக்கும். ரப்பர் தண்ணியை விட லேசு, அதான் சூட்சுமம். கலப்படமே இல்லாத பாலுலகூட நூத்துக்கு முப்பது சொச்சம்தான் ரப்பரு, மிச்சத்துல முக்கால்வாசிக்கு மேல தண்ணிதான். கணக்கு அந்த முப்பதுக்குத்தான்.

உன் புத்தகத்துப் பத்தியும் ஒரு வாளிப் பாலுதான். எழுதினவன் என்ன முடிவுக்கு வர்றான், அதுக்கு என்ன காரணம் சொல்றான், இந்த ரெண்டுதான் ரப்பரு. வரலாறு, புள்ளிவிவரம், பெரிய மனுசன் பேரு எல்லாம் வாளியைக் கனமாக்குற சரக்கு. முடிவு கடைசி வரியிலதான் இருக்கும்னு நம்பாதே, சில ஆளுங்க அதை நடுவுல போட்டு மூடியிருப்பாங்க. உங்கம்மா காசு கேக்குறப்ப எந்த இடத்துல கேக்குறான்னு கவனிச்சிருக்கியா?

இன்னொண்ணு. எழுதினவன் சொன்னதைப் பிடிக்கிறது சுலபம். சொல்லாம நம்பிக்கிட்டு இருக்கானே, அதைப் பிடிக்கிறதுக்குத்தான் மார்க்கு. எதிர்வீட்டு அத்தை போன வாரம் என்ன சொல்லுச்சு? "சிங்கப்பூர் வேலைக்குப் போறவனெல்லாம் விடியக்காலம் நாலரைக்கு மோட்டாரை எடுக்குறான். மூலை வீட்டுப் பையனும் நாலரைக்கு எடுக்குறான். சிங்கப்பூர் சம்பளம், தாராளமா பொண்ணு கொடுக்கலாம்." நாலரைக்குக் கிளம்புறவன் எல்லாம் பாலத்தைத்தான் தாண்டுறான்னு அத்தை மனசுக்குள்ள ஒரு முடிச்சு. விசாரிச்சா, பையன் நாசி லெமாக் கட்டி விக்கிறான். அதுலயும் நல்ல வருமானம்தான், ஆனா அது வேற கேள்வி. பத்தி கேக்காத கேள்விக்குப் பதில் சொன்னா மார்க்கு போயிடும்.

'எல்லாம்', 'சில', 'மட்டும்' இந்த மூணு வார்த்தைகிட்டயும் சாக்கிரதையா இரு. சில பிள்ளைங்க பரீட்சைக்கு ஒழுங்கா படிக்குதுங்கன்னு ஒருத்தன் சொன்னா, அதுல நீயும் இருக்கேன்னு அர்த்தம் இல்ல. முகத்தைச் சுளிக்காதே, எடுத்துக்காட்டுதான்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சதுன்னு வேற நினைக்காதே. மணிமேகலைன்னு கேள்விப்பட்டிருப்பே, அமுதசுரபி வெச்சுச் சோறு போட்ட பிள்ளை. எங்க தோட்டத்துப் பள்ளி வாத்தியார் சொல்வாரு, அது காஞ்சிபுரத்துக்குப் போயி அறவண அடிகள்கிட்ட இதே பாடத்தைத்தான் கேட்டுச்சாம். 29-ஆவது காதை. சொல்ல வந்தது பக்கம், அதுக்குக் காரணம் ஏது, எடுத்துக்காட்டு திட்டாந்தம். மூணுலயும் போலி உண்டு: பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10. பாசார் மாலாம்ல தொங்குற பை மாதிரி, பார்த்தா அசல், தூக்கினா வாரு அறுந்துடும்.

அதுல வர்ற புகை நெருப்புக் கணக்கு உனக்கும் தெரியும். மலையில புகை இருக்கு, அப்ப அங்க நெருப்பும் இருக்கு, அடுப்படியில பாக்குற மாதிரி. காஞ்சிபுரத்துக்கு அது சரி. நம்ம ஜொகூருக்கு? 2013 ஜூன் மாசம் மூவார்ல காத்து மாசுக் கணக்கு 700-ஐத் தாண்டுச்சு. 300-க்கு மேல போனாலே ஆபத்து. மூவாருக்கும் லேடாங்குக்கும் அவசர நிலையே போட்டாங்க. அவ்வளவு புகை! எரிஞ்சது என்னவோ கடலுக்கு அந்தப் பக்கம், சுமத்ராவுல. புகை இருந்தா நெருப்பு இருக்கும், அது நிசம். புகை இருக்குற இடத்துலயேதான் நெருப்பும் இருக்கணும்னு நாமளா சேர்த்துக்கிறோமே, அந்தச் சந்துலதான் உன் பரீட்சைக்காரன் உக்காந்திருக்கான்.

அமெரிக்காக்காரன் பரீட்சை ஒண்ணும் இருக்காமே, எல்சாட்டு. யார் பக்கத்துல யார் உக்காரணும்னு புதிர் போடுவானாம். 2024 ஆகஸ்டுல இருந்து அதை எடுத்துட்டானாம். எனக்குத்தான் வருத்தம். நம்ம கல்யாணப் பந்தியில சண்டை போட்ட ரெண்டு சம்பந்தியையும் நடுவுல ஒரு மாமாவையும் வெச்சு உக்கார வெச்ச ஆளு நான். அந்தப் பகுதியில முழு மார்க்கு வாங்கியிருப்பேன்.

ஈப்போ சீனிவாசகம் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பேரெடுத்த வக்கீலுங்க. அவங்க காலத்துல இந்த எல்நாட்டே கிடையாது, 2004-லதான் வந்துச்சு. அப்ப இந்தப் பரீட்சை இல்லாமலே பெரிய வக்கீல் ஆகலாம்தானே தாத்தான்னு கேப்பே. பாரு, கண்ணு மின்னுது! இல்லாத பரீட்சையை எழுதாம ஜெயிச்சான்னா, இருக்குற பரீட்சையையும் எழுதாம ஜெயிச்சிருப்பான்னு ஆகுமா? எத்தனாவது போலின்னு நீயே எண்ணிக்க. தப்பா எழுதினா மார்க்கைக் குறைக்க மாட்டானாம், அதனால ஒண்ணையும் காலியா விட்டுட்டு வராதே. தெரியாததுக்கும் குத்திட்டு வா. நாலு நம்பர் வாங்குறவங்க நம்ம வீட்டுல இல்லையா என்ன?

என்ன சிரிக்கிறே? என் வாளியில அந்தக் குழாய் மேல வந்து நின்னிருக்கான்னா? ஒரு தரம் நின்னுச்சு. கிராணி முறைச்சாரு. "ராத்திரி மழைங்கய்யா, மங்குல தண்ணி சேர்ந்துடுச்சு"ன்னேன். அதுக்கு என்ன பேரு? உங்கப்பன் நேத்து வாசிச்சானே, வாதத்தைப் பலவீனமாக்கும் வேறொரு காரணம்னு, அதேதான். "மழை பெஞ்சிருந்தா மத்தவன் பாலுலயும் தண்ணி இருக்கணுமே"ன்னு அவர் திருப்பினாரு. என்னைவிட நல்லா வந்திருப்பாரு உன் பரீட்சையில. "அவங்க மரம் மேட்டுல, என் மரம் பள்ளத்துலங்கய்யா"ன்னேன். ரெண்டே கால் நிமிசம்கூட ஆகல.

அப்ப தாத்தா தண்ணி கலக்கலையான்னா கேக்குறே?

பத்தியைத் திரும்பப் படி பாப்பா. ராத்திரி மழைன்னு சொன்னேன், என் மரம் பள்ளத்துலன்னு சொன்னேன். கலக்கலைன்னு எந்த வரியில சொன்னேன்?