பொறுமையில் முதல் வகுப்பு

கேரளப் பல்கலைக்கழகத்தில் படிக்கக் கிடைத்தது எனக்குப் பெருமைதான். 2022-இல், பல்கலைக்கழகங்களுக்குத் தரம் போடும் நாக் குழு வந்து பார்த்து 3.67 புள்ளி போட்டு ஏ ப்ளஸ் ப்ளஸ் தரம் கொடுத்தது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து ரயிலேறித் திருவனந்தபுரம் வரும் எங்களைப் போன்றவர்களுக்கு, ஊரில் சொல்லிக்கொள்ள அதுவே போதும். ஆனால் நாக் குழு அளந்து பார்க்காத சில குணங்களும் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு உண்டு. அவற்றையெல்லாம் வெளியே கொண்டுவந்த ஆண்டு 2025. புது செமஸ்டர் தொடங்கும் நேரத்தில் அவற்றைப் புகழாமல் போனால் நன்றி மறந்தவளாகிவிடுவேன்.

முதலில் அதன் ஈகை. 1937-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய நாளிலிருந்து இது ஆட்களை உருவாக்கிக் கொடுத்தே பழகியது. வையாபுரிப் பிள்ளை 1951 முதல் 1954 வரை இங்கே தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். இங்கே மொழியியல் துறையை வளர்த்தெடுத்த வ.அய். சுப்பிரமணியம் 1981-இல் தஞ்சாவூருக்குப் போய் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். இன்னொரு பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தரைத் தந்த இடம் தனக்கென்று ஒருவரை அடம்பிடித்துக் கேட்கவில்லை. 2022 அக்டோபரில் வி.பி. மகாதேவன் பிள்ளையின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பிறகு, திருச்சூரில் இருக்கும் சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் மோகனன் குன்னும்மல் கூடுதல் பொறுப்பாக இதையும் பார்த்துக்கொண்டார். தேடுதல் குழுவை யார் அமைப்பது என்று வேந்தரான ஆளுநரும் மாநில அரசும் மோதிக்கொண்டிருக்க, 2022-இல் பி.ஏ. சேர்ந்தவர்கள் 2025-இல் படிப்பை முடித்துக்கொண்டு போயேவிட்டார்கள். முதல் சில மாதங்களைக் கழித்துவிட்டால், முழுநேரத் துணைவேந்தர் என்று ஒருவர் இல்லாமலேயே தேறியவர்கள் அவர்கள். இப்படிப்பட்ட மாணவர்களை உருவாக்கிய பெருமை எளிதில் கிடைத்துவிடாது.

பதிவாளர் விஷயத்தில் பல்கலைக்கழகம் இதற்கு நேர்மாறான தாராளம் காட்டியது. 2025 ஜூன் 25 அன்று, பல்கலைக்கழகத் தலைமையகம் இருக்கும் பாளையத்தில், செனட் மண்டபத்தில் ஆளுநர் கலந்துகொண்ட நிகழ்ச்சி ஒன்றில் பாரதாம்பா படம் வைக்கப்பட்டது. அதைக் காரணம் காட்டிப் பதிவாளர் கே.எஸ். அனில்குமார் நிகழ்ச்சிக்கான அனுமதியை ரத்து செய்தார். அதற்காக ஜூலை 2 அன்று துணைவேந்தர் அவரைச் சஸ்பெண்ட் செய்தார். ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை என்றும் பாராமல் ஆட்சிக்குழுவான சிண்டிகேட் கூடி அந்த உத்தரவை நீக்கியது. அது செல்லாது என்று துணைவேந்தர் தரப்பு சொல்லி, பதிவாளர் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமைகூட வேலை நடக்கும் ஆபீஸ் இது என்பதை அன்றுதான் நாங்கள் அறிந்துகொண்டோம். ஒரு சான்றிதழுக்கோ மதிப்பெண் திருத்தத்துக்கோ அந்த வேகத்தை நாங்கள் அதற்குமுன் கண்டதில்லை.

அந்த ஜூலை மாதம் பாளையத்துக்குப் போனவர்கள் வாசலில் போலீஸையும் தடுப்புகளையும் முழக்கத்தையும் பார்த்திருப்பார்கள். உள்ளே எந்தக் கோப்பு எந்தப் பதிவாளருக்குப் போக வேண்டும் என்று தெரியாமல் செக்‌ஷன் ஊழியர்கள் தவித்தார்கள். வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் தேவையான பட்டச் சான்றிதழ்கள் கையெழுத்துக்காகக் குவிந்து கிடந்தன. பல நாள் வராமலிருந்த துணைவேந்தர் ஜூலை 18 அன்று ஆபீசுக்குத் திரும்பி வந்தார், கையெழுத்துகள் விழுந்தன. அதுவரை காத்திருந்தவர்களில் யாரும் படத்தை வைத்தவர்களும் இல்லை, எடுக்கச் சொன்னவர்களும் இல்லை. தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சண்டையின் செலவை முகம் சுளிக்காமல் ஏற்கத் தெரிந்தவர்களைத்தான் நான் பண்பட்டவர்கள் என்பேன். அந்தப் பண்பைப் பல்கலைக்கழகம் கட்டணம் எதுவும் வாங்காமல் கற்றுக்கொடுத்தது.

இவை எல்லாவற்றையும்விட என் மனத்தில் நிற்பது எழுபத்தொரு விடைத்தாள்களின் கதை. 2024 மே மாதம் எம்.பி.ஏ. மூன்றாம் செமஸ்டர் மாணவர்கள் ப்ராஜெக்ட் ஃபைனான்ஸ் தேர்வு எழுதினார்கள். திருத்துவதற்காகத் தற்காலிக ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்த கட்டு, 2025 ஜனவரி 13 அன்று பாலக்காட்டுப் பக்கம் அவர் பைக்கில் போகும்போது வழியில் விழுந்து காணாமல் போனது. மே மாதம் எழுதிய தாள் ஜனவரி வரை திருத்தி முடிக்கப்படாமல் இருந்ததை யாரும் பெரிதுபடுத்தவில்லை. விஷயம் மார்ச் கடைசியில் வெளியே வந்தபோது படிப்பை முடித்துச் சிலர் வேலைக்கே போய்விட்டிருந்தார்கள். ஏப்ரல் 7 அன்று மறுபடியும் வந்து தேர்வு எழுதுங்கள் என்று பல்கலைக்கழகம் அழைத்தது.

இதில் நான் வியப்பது பல்கலைக்கழகத்தின் தெளிவை. தொலைத்தது மாணவர்கள் அல்ல என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனாலும் ஈடு செய்ய வேண்டியவர்கள் யார் என்பதில் ஒரு கணமும் தடுமாற்றம் வரவில்லை. ஒரு முறை ஒழுங்காக எழுதியவரால் இன்னொரு முறையும் எழுத முடியும் என்று, அவர்களுடைய பெற்றோர்கூட வைக்காத நம்பிக்கையை அது வைத்தது. ஒரு மாணவி லோக் ஆயுக்தாவுக்குப் போனார். மற்றத் தாள்களின் சராசரியைப் பார்த்து மதிப்பெண் கொடுங்கள் என்று உத்தரவு வாங்கினார். மேலாண்மை படித்த பெண் சட்டத்தின் வாசலையும் தெரிந்துகொண்டார். அது பாடத்திட்டத்தில் இல்லாத படிப்பு.

அந்தத் தற்காலிக ஆசிரியரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கவனக்குறைவுக்கு அவர் பதில் சொல்ல வேண்டியவர்தான். ஆனால் எழுபத்தொரு பேரின் இரண்டாண்டுப் படிப்பை பைக்கின் பின்னால் கட்டி மாவட்டம் தாண்டி எடுத்துப் போகலாம் என்று வழிவிட்டிருந்த ஏற்பாடு அவர் செய்ததல்ல. அந்த ஏற்பாட்டுக்குத்தான் எத்தனை எளிமை! ஒரு மனிதர், ஒரு கயிறு, அவ்வளவே.

இந்தச் செமஸ்டரில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தருவது நான்காண்டுப் பட்டப்படிப்பு. 2024 ஜூலை 1 அன்று இதே நகரத்தில் அரசு மகளிர் கல்லூரியில் முதலமைச்சர் பினராயி விஜயன் அதைத் தொடங்கிவைத்தார். மூன்றாண்டில் 133 கிரெடிட்டோடு வெளியேறலாம், நான்காண்டு இருந்து 177 கிரெடிட்டோடு ஹானர்ஸ் பெறலாம். இயற்பியல் படிப்பவர் இசையையும் எடுக்கலாம் என்ற எண்ணமே அழகானது. இதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. என் அறைத்தோழியின் தங்கை அந்த முதல் அணியில் இருக்கிறாள். மேஜர், மைனர், இரண்டுக்கும் வெளியே எடுக்க வேண்டியவை என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதி, வீட்டுக்கு அவளே விளக்கிச் சொன்னாள். அவள் ஆசைப்பட்ட பாடம் பட்டியலில் இருந்தது. நடத்த ஆசிரியர் இல்லை. இருந்ததை எடுத்துக்கொண்டாள். தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தைத் தந்து, எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கவலையையும் தானே நீக்கிவிடும் இந்தப் பரிவை வேறு எங்கே எதிர்பார்க்க முடியும்?

அவளுக்குப் பாடம் நடத்துகிறவர்களில் பலர் தற்காலிக ஆசிரியர்கள். புதுப் பாடத்திட்டத்தை இரவில் தாங்கள் படித்துப் பகலில் நடத்துகிறார்கள். போனை எடுத்து, “மோளே, நாளைக்கு வா, நான் பார்த்து வைக்கிறேன்” என்று சொல்லி, சொன்னபடியே பார்த்து வைக்கும் சேச்சிகள் செக்‌ஷனில் இருக்கிறார்கள். ஏ ப்ளஸ் ப்ளஸ் அவர்களுக்கு உரியது. அதை வாங்கித் தந்தவர்கள் அவர்கள்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மேலே நாற்காலிகளுக்காக எத்தனை சண்டை நடந்தாலும் கீழே மணியடித்ததும் வகுப்பு தொடங்குகிறதே, இதைச் சாத்தியமாக்கியவர்கள் அவர்கள். இது தெரிந்துதான் மேலே இருப்பவர்கள் இத்தனை நிம்மதியாகச் சண்டை போடுகிறார்கள்.

அந்த முதல் அணி மூன்றாம் ஆண்டை முடிக்கும்போது 2027 ஆகிவிடும். வெளியேற விரும்புகிறவர்களுக்குப் பட்டச் சான்றிதழ் வேண்டும். அதில் துணைவேந்தர் கையெழுத்து வேண்டும். அறைத்தோழியின் தங்கை 133 கிரெடிட்டில் தன் பங்கைக் குறித்த நாளில் முடித்துவிடுவாள். அதுவரை கையெழுத்துப் போட வேண்டியவரை நியமிக்க ஆளுநருக்கும் அரசுக்கும் ஒரு முழுப் பட்டப்படிப்பின் காலம் கொடுக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவு நீண்ட கெடு எந்த அசைன்மென்ட்டுக்கும் எங்களுக்குக் கிடைத்ததில்லை.