படகு ஓடாத நாளும் பிறசர் குளிசையும்

1. பொருள்
இதயத் தசையும் இரத்தக் குழாய்ச் சுவரின் தசையும் சுருங்குவதற்குக் கல்சியம் கலத்துக்குள் நுழைய வேண்டும். பிறசருக்குக் கொடுக்கும் மருந்துகளில் அந்த வழியை மறிப்பவையே கல்சிய வழி மறிப்பான்கள். இவ்வகைச் செயலை 1964இல் ஜேர்மனியின் பிரைபேர்க் நகரில் அல்பிரெக்ற் பிளெக்கன்ஸ்ரைன் இனங்கண்டார்.

2. வகை
அம்லோடிப்பினும் நிபெடிப்பினும் குழாய்களைத் தளர்த்திப் பிறசரைக் குறைப்பவை. வெரப்பமிலும் டில்றியாசெமும் நாடித்துடிப்பையும் மந்தமாக்குபவை. இந்த இரண்டில் ஒன்றோடு அற்றெனோலோல் போன்ற பீற்றா மறிப்பான் சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். ஆகவே வேறு வைத்தியரிடம் போகும்போதும் கிளினிக் கொப்பியும் வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளும் கூடவே போகவேண்டும்.

3. காலம்
யாழ்ப்பாணத் தீவாருக்கு முதன்மையான பகுதி இதுவே. ஊர்காவற்றுறையார் தரைவழியே யாழ்ப்பாணம் போகலாம். நயினாதீவாரும் நெடுந்தீவாரும் குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கடல் கடந்தே வரவேண்டும். நெடுந்தீவிலிருந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். சோழகக் காற்று வலுத்தாலோ வாடைக்காலப் புயல் வந்தாலோ படகு நிற்கும், கிளினிக் திகதி தவறும், கையிலுள்ள குளிசையும் தீர்ந்துபோகும்.

அம்லோடிப்பினின் அளவு உடலில் பாதியாகக் குறைய 30 முதல் 50 மணித்தியாலம் ஆகும். ஒருநாள் தவறினாலும் பிறசர் சட்டென்று ஏறாது. மறுநாள் இரண்டாகப் போடக்கூடாது, வழமையான ஒன்றே போதும். சாதாரண நிபெடிப்பினுக்கு அந்தக் காலம் ஏறக்குறைய 2 மணித்தியாலமே. எனவே கடல் கடக்கும் நோயாளருக்கு நீண்டநேரம் நிற்கும் மருந்தே பொருத்தம். அதோடு அடுத்த கிளினிக் திகதிக்கு மேலாக ஒரு வாரக் குளிசையும் கொடுப்பதை வழமையாக்க வேண்டும்.

4. விலக்கு
பிறசர் ஏறினால் நிபெடிப்பின் கப்சூலை உடைத்து நாவின் கீழ் விடும் பழக்கம் முன்பு உலகெங்கும் இருந்தது. பிறசர் கட்டுக்கடங்காமல் விழுந்து, பக்கவாதமும் மாரடைப்பும் நேர்ந்ததால் அது கைவிடப்பட்டது. மெதுவாகக் கரையும் நிபெடிப்பின் குளிசையை இடித்தோ கடித்தோ விழுங்கினாலும் அதே ஆபத்து உண்டு.

அம்லோடிப்பினால் கணுக்கால் வீங்கலாம். அதற்காகக் குளிசையைத் தானாக நிறுத்தவோ, சலம் போக்கும் குளிசையைத் தேடவோ வேண்டாம். வைத்தியரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார்.

5. நஞ்சு
மேலதிகக் குளிசை உள்ள வீட்டில் அதைப் பூட்டி வைக்கவேண்டும். சிறு குழந்தைக்கு ஓரிரண்டு குளிசையே உயிராபத்து. மெதுவாகக் கரையும் வகையில் மயக்கம் பல மணித்தியாலம் பிந்தியே தோன்றலாம். பிள்ளை நன்றாக விளையாடுகிறதே என்று விடியும்வரை காத்திருக்க வேண்டாம். விழுங்கியது தெரிந்தவுடனே தீவு வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், யாழ்ப்பாணத்துக்கு மாற்றப் படகு கேட்கவேண்டும்.