அலகு எங்கே, தம்பி?

வரைபு சேரை ஹட்டனில் தேடி அலையத் தேவையில்லை. பஸ் நிலையத்துப் பக்கம் ஏதாவதொரு சுவரில் சேமிப்புக் கணக்கு விளம்பரம் ஒட்டியிருந்தால், அதன் முன்னால் குடையை மடக்காமல் நின்று முணுமுணுத்துக்கொண்டிருப்பார். விளம்பரத்தில் ஓர் அம்பு மேல்நோக்கிப் பாயும். அடியில் ஒரு குடும்பம் சிரிக்கும். ஊர் சனம் குடும்பத்தைப் பார்க்கும். சேர் அம்பைப் பார்ப்பார். "நிலைக்குத்து அச்சில என்னா இருக்கு? ரூபாயா, வீதமா, மழையா?" பக்கத்தில் நிற்பவர் தெரியாத்தனமாகப் பதில் சொல்லிவிட்டால், நோர்வூட் பஸ்ஸை அன்றைக்கு மறந்துவிட வேண்டியதுதான்.

காலையில் பாடசாலையில் விஞ்ஞானம், பின்னேரம் வாடகை அறையொன்றில் ரியூஷன். சட்டைப்பையில் கையெழுத்துப் போட ஒரு பேனா. உண்மைகளைக் குறிக்க இரண்டு பென்சில். அவற்றை பிளேடால் சீவிச் சீவி, தையல் ஊசிக்கு ஈடாக வைத்திருப்பார். மொட்டைப் பென்சிலால் எவனாவது புள்ளி வைத்துவிட்டால் தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிப்பார். "லயத்துக் காம்பராவில மூணு குடும்பம் இருக்கிற மாதிரி, ஒன் புள்ளிக்குள்ள நாலு டிகிரி குடியிருக்கு. இதுல எது வெப்பநிலை?"

மூன்று மூன்றாக ஏறும் அளவிடை அவர் அகராதியில் பாவம். பெரிய கட்டத்துக்குள் பத்துச் சின்னக் கட்டம். பத்தை மூன்றால் பிரித்து ஏழாம் இலக்கத்தை எங்கே வைப்பாய் என்று கேட்டால் பிள்ளை முழிக்கும். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து, அவ்வளவுதான் அனுமதி. வரைபைத் தாளின் மூலையில் ஒடுக்கி வரைவது அதைவிடப் பெரிய பாவம். 2022இல் நாட்டில் கடதாசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பழைய கலண்டர்களின் முதுகில் பிள்ளைகளைக் கோடு கிழிக்க வைத்தார். அந்தப் பஞ்சத்திலும் அரைத்தாளுக்குக் குறைந்த வரைபுக்குப் புள்ளி போடவில்லை.

புள்ளிகளைக் கோட்டால் இணைக்கும் விடயத்தில்தான் அவர் ஒரே ஒருமுறை தோற்றார் என்பார்கள். தோட்டங்களின் கொழுந்துக் கணக்கை ஒருவன் சலாகையாக வரையாமல் கோடாக இழுத்து வந்திருந்தான். "டிக்கோயாவில ஒரு புள்ளி, பொகவந்தலாவையில ஒரு புள்ளி. நடுவுல கோடு போட்டா, நடுவுல ஏதோ இருக்குன்னு அர்த்தம். நடுவுல என்னாடா இருக்கு?"

"நோர்வூட் இருக்கு சேர்."

வகுப்பு சிரித்து அடங்கும்வரை சேர் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தார். அதில் அப்போது எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

வரலாறு சொல்லத் தொடங்கினால் ஸ்கொட்லாந்தில் போய்த்தான் நிற்பார். வில்லியம் பிளேஃபெயார் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1786இல் லண்டனில் ஒரு புத்தகம் போட்டார். இங்கிலாந்தின் ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்குகளைக் காலம் கிடையாக, பணம் நிலைக்குத்தாகக் கோடுகளில் காட்டினார். 1867இல் லூல்கந்துரவில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்துக்காரர். "ரெண்டும் அவுங்க தந்தது. தேயிலையில நம்ம முதுகு போச்சு, வரைபுல என் கண்ணு போச்சு."

தேத்தண்ணிக் கடையிலும் நிம்மதி கிடையாது. இரசாயன உரத்தை நிறுத்திய பிறகு, 2021இல் சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 251 மில்லியனுக்கு இறங்கியது அல்லவா? கடையில் ஒருவர் கைத்தொலைபேசியில் அதை இரண்டு சலாகைகளாகக் காட்டினார்: ஒன்று ஆளுயரம், மற்றது கணுக்கால். அச்சு 240இலிருந்து தொடங்கியிருந்தது. சேர் பிளேன்டீயை வைத்துவிட்டு, பில் துண்டின் பின்பக்கத்தில் பூச்சியத்திலிருந்து வரைந்து காட்டினார். "ஆறுல ஒண்ணு போயிருக்கு. அதுவே பெரிய அடி. அதுக்கு அச்சோட கால வேற வெட்டணுமா?" சேர் கட்சி மாறிப் பேசுகிறார் என்று நினைத்துத் தொலைபேசிக்காரர் எழுந்து போனார்.

ஆனால் சேரின் பெயர் மலை முழுக்கப் பரவியது தண்ணீரால். நீரைச் சூடாக்கி, நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலை பார்த்து வரைபு வரைகிற சாதாரண பரிசோதனை. கோடு ஏறி, கொதிக்கும் இடத்தில் தட்டையாகும். எல்லாப் பிள்ளைகளின் தாளிலும் மிக அழகாக நூறில் தட்டையாகியிருந்தது. வெப்பமானியில் இருந்ததோ தொண்ணூற்றாறு.

"நூறுன்னு புத்தகத்தில இருக்கு சேர்."

"புத்தகம் கொழும்பில அச்சடிச்சது. தண்ணி இங்க கொதிச்சது."

வெப்பமானியை உருகும் பனிக்கட்டியில் வைத்துப் பூச்சியம் காட்டுகிறதா என்று எல்லோருக்கும் முன்னால் சோதித்தார். காட்டியது. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர். மேலே போகப் போக வளியமுக்கம் குறையும். சுமார் 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலையும் இறங்கும். கொழும்பில் நூறு, இங்கே தொண்ணூற்றாறு, நுவரெலியாவில் தொண்ணூற்று நான்கு. மூன்று புள்ளி போதாது, நான்காவது வேண்டும் என்று அந்த வருஷ சீசனுக்குச் சிவனொளிபாதமலை ஏறினார், வெப்பமானியோடு. உச்சிக்குக் கிட்ட ஒரு கடையில் கொதிக்கிற கேத்தலுக்குள் அதை விட, கடைக்காரர் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) வந்துவிட்டார் என்று பதறி, வடைத் தட்டை மூடி, இலவசமாகத் தேத்தண்ணி கொடுத்தார். தொண்ணூற்று மூன்றுக்குச் சற்றுக் கீழே. உச்சியின் உயரம் 2,243 மீற்றர்; புள்ளி கோட்டை ஒட்டியே விழுந்தது. சூரிய உதயம் எப்படி இருந்தது என்று வீட்டில் கேட்டார்கள். கிழக்குப் பக்கமாக இருந்ததாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் வகுப்பில் எவரும் நூறுக்குத் திருத்தியதில்லை. பரீட்சைத் தாளில் கேட்டால் என்ன எழுதுவது என்று பெற்றோர் வந்து கேட்பார்கள். "எந்த அமுக்கத்தில என்று எழுதச் சொல்லுங்க," என்பார். பெற்றோர் தலையாட்டிவிட்டு வேறு ரியூஷன் விசாரிப்பார்கள்.

இன்னொன்று. வீட்டில் ஒன்றோடொன்று தொடர்புள்ள இரண்டு கணியங்களை அளந்து வரைபு கொண்டு வா என்று வீட்டுவேலை கொடுத்திருந்தார். பெரும்பாலானோர் மெழுகுதிரியை எரித்து வந்தார்கள். கொழுந்தெடுக்கும் அம்மாவின் மகள் ஒருத்தி வேறு வரைபு கொண்டுவந்தாள். கிடை அச்சில், மாமாவின் மரக்கறித் தராசில் நிறுத்த கொழுந்தின் நிறை. நிலைக்குத்து அச்சில், அதே கொழுந்துக்கு நிறுவையில் எழுதிய நிறை. தலைப்பு உண்டு, அளவிடை ஐந்தைந்தாக, புள்ளிகள் ஊசி முனையளவு. நேர்கோடு, படித்திறன் ஒன்று. ஆனால் பூச்சியத்தினூடாகப் போகவில்லை.

"வெட்டுத்துண்டு மறை ரெண்டு," என்றார் சேர். "காரணம்?"

"சாக்குக்குக் கழிக்கிறாங்களாம் சேர்."

"சாக்கு எவ்வளவு?"

"அரைக் கிலோவும் வராது சேர்."

"மிச்சம்?"

"எலையில இருக்கிற தண்ணிக்காம்."

"மழை இல்லாத நாளையில?"

"அந்தப் புள்ளியும் இதே கோட்டிலதான் சேர் விழுது."

செய்தி எப்படியோ வெளியே போய், மறுவாரம் தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் வகுப்பு வாசலில் வந்து நின்று, ஒரு பிரதி வேண்டும், அவசரம் என்றார். சேர் அவரை உட்காரச் சொன்னார். அச்சுகளில் 'கிலோ' என்று மட்டும் எழுதியிருந்ததை அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு 'கிலோகிராம்' என்று திருத்த வைத்து, பிறகுதான் கொடுத்தார்.